1989இல் கட்டிய வீடு, கையில் 9 லட்சம்: எதில் தொடங்குவது?

காவிரிக்கரை:

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு, 1989இல் அப்பா கட்டியது. தரைத்தளம் மட்டும்தான், 1,100 சதுர அடி, கான்கிரீட் தளம், மேலே ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தது. கட்டிய நாளிலிருந்து அவ்வப்போது வெள்ளையடித்ததும் ஒரு தடவை மோட்டார் மாற்றியதும் தவிர பெரிதாக எதுவும் செய்யவில்லை. போன ஐப்பசி மழையில் ஹாலிலும் சமையலறை மூலையிலும் ஒழுகியது. பாத்ரூமுக்கு மறுபக்கம் இருக்கிற படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்து விழுகிறது. அப்பாவுக்கு 76 வயது, முழங்கால் வலி, இரண்டு கழிவறையும் இந்தியன் டைப், தினமும் காலையில் அவர் சுவரைப் பிடித்து எழுந்திருப்பதைப் பார்க்கும்போது இதை இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றுகிறது.

கையில் இருப்பது மொத்தம் 9 லட்சம். என் சேமிப்பு 5, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தருவது 2, மீதி 2 நகையை வைத்து எடுக்கலாம் என்று இருக்கிறோம். செய்ய நினைப்பது: மாடி ஒழுகல், இரண்டு பாத்ரூம், சமையலறை, ஒயரிங், வீடு முழுக்க டைல்ஸ் (இப்போது மொசைக்), ஹாலில் ஃபால்ஸ் சீலிங், பெயிண்ட். ஒரு காண்ட்ராக்டர் வந்து அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே தாளில் "எல்லாம் சேர்த்து 8,40,000" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் மேஸ்திரி, கூலி மட்டும் பேசிக்கொள்ளலாம், சாமான் நீங்கள் வாங்கித் தாருங்கள் என்கிறார். யாரை நம்பி இறங்குவது, எதை முதலில் செய்வது, கையில் எவ்வளவு நிறுத்தி வைப்பது? பொங்கல் முடிந்ததும் ஆரம்பிக்க ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையவீடு_தஞ்சை:

நண்பரே, எங்கள் வீடும் கிட்டத்தட்ட அதே வயது, அதே மாதிரி தளம். நான் ஆறரை லட்சம் என்று ஆரம்பித்து 9,40,000இல் முடித்தவன், அதனால் எங்கே பிசகியது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் செய்த பெரிய தப்பு, டைல்ஸை முதலில் வாங்கியது. கடையில் கழிவு விலை என்றார்கள், 1,000 சதுர அடிக்கு மேல் வாங்கி வராண்டாவில் அடுக்கிவிட்டேன். பிறகு ஹால் சீலிங்கில் ஒரு வெடிப்பை மட்டும் அடைக்கலாம் என்று கொத்தனார் ஏணி போட்டு ஏறி, சுத்தியல் கட்டையால் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் டங் டங் என்று கெட்டியான சத்தம், நாலடி தள்ளித் தட்டினால் டொப் டொப் என்று உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். அந்த இடத்தைக் கொத்தியதும் ஒரு பலகை அளவுக்குக் கான்கிரீட் அப்படியே பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி துருப்பிடித்து ஏடு ஏடாக உரிந்து நின்றது. கீழே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தச் சீலிங்குக்கு நேர்கீழேதான் என் மகள் படிக்கிற மேசை.

அதைச் சரிசெய்ய மட்டும் 1,10,000 ஆனது, எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு ரூபாய்கூட இல்லை. டைல்ஸில் பணம் முடங்கிக் கிடந்ததால் வெளியே கடன் வாங்க வேண்டியதாகிவிட்டது. நீங்கள் ஃபால்ஸ் சீலிங் போட நினைப்பதைப் பார்த்ததும் அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. ஒழுகுகிற தளத்துக்குக் கீழே பலகை போட்டு மறைத்துவிட்டால் அடுத்த பத்து வருஷம் மேலே என்ன நடக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து முதலில் எல்லா அறையிலும் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். செலவு எதுவும் இல்லை, ஒரு ஏணியும் ஒரு காலைப்பொழுதும் போதும். டொப் என்று கேட்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். பட்ஜெட்டை அதற்கு அப்புறம் பேசுங்கள்.

சைட்_எஞ்சினியர்:

மேலே சொன்னவரின் பேச்சை அப்படியே ஆமோதிக்கிறேன். 15 வருஷமாகப் பழைய வீடு வேலைதான் அதிகம் பார்க்கிறேன். புது வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடலாம், பழைய வீட்டுக்கு அது செல்லாது, சுவரையும் தளத்தையும் திறந்து பார்க்காமல் சொல்கிற தொகை எதுவானாலும் ஊகம்தான். அரைமணி நேரத்தில் 8,40,000 என்று எழுதியவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாளைக்கு நீங்கள் எதையும் கேட்க முடியாது. எத்தனை சதுர அடி பூச்சு, எத்தனை அடி பைப், எந்த சிமெண்ட், எத்தனை கோட் பெயிண்ட் என்று அளவோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அளவை நீங்களே சரிபார்க்கலாம். 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில் 100 சதுர அடி பூசினால் ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். பழைய சுவர் மேடுபள்ளமாக இருந்தால் கொஞ்சம் கூடும். 400 சதுர அடி பூச்சுக்கு பத்து மூட்டை என்று பில் வந்தால் எங்கே போனது என்று கேளுங்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, யாராவது பழைய எஸ்டிமேட்டையே தேதி மாற்றிக் கொடுத்தால் அதையும் கவனியுங்கள்.

இப்போது உங்கள் மாடி. தட்டோடு தேய்ந்துவிட்டது, அதன் மேலேயே புதிதாக ஜல்லியும் ஓடுமாக ஒரு அடுக்கு பதித்துவிடலாம், உடைக்கிற செலவு மிச்சம் என்று கண்டிப்பாக ஒருவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று அங்குல ஜல்லி சுண்ணாம்புக் கான்கிரீட் சதுர அடிக்கு ஏறக்குறைய 13 கிலோ வரும், 1,100 சதுர அடிக்கு 14 டன். ஏற்கெனவே அவ்வளவு எடையைத் தாங்கி நிற்கிற, கம்பி துருப்பிடித்த தளத்தின் தலையில் இன்னொரு 14 டன்னை ஏற்றுவதா? பழையதைப் பெயர்த்து இறக்கிவிட்டு, தளத்தின் வெடிப்புகளை அடைத்து, கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்கிற மூலையை வளைத்துப் பூசி, அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃபிங், அப்புறம் ஜல்லியும் ஓடும். வாட்டம் மழைக்குழாயை நோக்கி ஓடுகிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், ஜல்லி போடுவதற்கு முன்னால், மழைக்குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே ஒரு பொட்டு ஈரம்கூடத் தெரியாவிட்டால்தான் அந்தப் பாகத்துக்குப் பணம்.

சீலிங்கில் வட்டம் போட்ட இடங்களைக் கம்பிக்குப் பின்பக்கம் தெரிகிற வரை கொத்தி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி ரொம்பத் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டியிருக்கும், அதை மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது, ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கிற சில ஆயிரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காலக்கணக்கும் பட்ஜெட்டில் சேர்த்திதான். உங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் மழை, ஆகையால் மாடி வேலை மாசி, பங்குனியில் முடிந்துவிட வேண்டும். பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், வெயில் ஏறினால் காலையும் மாலையும். புதுப்பூச்சு நன்றாகக் காய ஏறக்குறைய நாலு வாரம் ஆகும், அதற்கு முன் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் அதைத் தள்ளிவிடும். சித்திரையில் ஒரு விசேஷம், அதற்குள் முடியுங்கள் என்று அவசரப்படுத்துகிற வீடுகளில் இதுதான் நடக்கிறது.

காண்ட்ராக்டா கூலியா என்று கேட்டீர்கள். நீங்கள் தினமும் சைட்டில் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. நிற்க முடிந்தால் கூலி மட்டும் பேசி சாமான் நீங்கள் வாங்குவது நல்லது, மிச்சமும் ஆகும். முடியாது, வேலைக்குப் போகிறவர் என்றால் சாமானோடு காண்ட்ராக்ட் விடுங்கள். எப்படியானாலும் பணத்தை வாரக்கணக்கில் கொடுக்காமல் முடிந்த வேலைக்குக் கொடுங்கள். அட்வான்ஸ் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையிருப்பு? புது வீட்டுக்குப் பத்து சதவீதம் போதும். உங்கள் வீட்டுக்கு 15க்குக் குறையக் கூடாது.

ஒயர்மேன்:

ஒயரிங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1989 வீடு என்றால் பீங்கான் ஃப்யூஸ் கட்டைதான் இருக்கும், பல பாயிண்டில் எர்த் ஒயரே வந்திருக்காது. பாதி மாற்றிப் பாதி விடுகிற வேலை வேண்டாம், முழுசாக மாற்றுங்கள். லைட்டுக்கு ஒன்றரை, சாதா பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன். போர்டில் எம்சிபியோடு (லோடு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துவது) கட்டாயம், வயசானவர் குளிக்கிற வீடு, இதில் காசு பார்க்காதீர்கள். சுவரை வெட்டி பைப் பதித்ததும், பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்த மாதிரி ஃபோட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும். அப்புறம் ஏசி, இண்டக்‌ஷன் என்று லோடு ஏறுவதால் மின்வாரியத்தில் லோடு கூட்ட எழுதிக்கொடுக்கிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி_அக்கா:

தம்பி, எல்லோரும் தளம், கம்பி என்று பேசிவிட்டார்கள். நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு மூன்று மாசம் வேலை பார்த்தவள், யாருடைய எஸ்டிமேட்டிலும் வராத செலவைச் சொல்கிறேன். சமையலறையை உடைத்த அன்றைக்கு அடுப்பு எங்கே? நாங்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில் தகரம் போட்டு அடுப்பு வைத்தோம், அதற்கே தகரம், பைப் என்று ஒன்பதாயிரம். வேலையாட்களுக்கு டீ, வடை, தண்ணீர் கேன். பீரோவையும் கட்டிலையும் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நகர்த்த ஆள். ரப்பிஷ் எடுக்க டிராக்டர், அது ஒரு லோடு இரண்டு லோடில் நிற்காது, எங்களுக்கு பதினொரு லோடு. உங்கள் மொசைக்கைப் பெயர்த்தால் இன்னும் கூடும். இதற்கெல்லாம் சேர்த்து எங்களுக்கு 70,000 ரூபாய்க்கு மேல் போனது, ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாகப் போனதால் கணக்கே தெரியவில்லை. ஒரு நோட்டு போட்டு அன்றன்றைக்கு எழுதுங்கள்.

அப்பா பாத்ரூமைக் கடைசியாக வைக்காதீர்கள். இரண்டு பாத்ரூமையும் ஒரே சமயத்தில் உடைக்கவும் விடாதீர்கள், ஆட்கள் சேர்த்து முடிக்கலாம் என்பார்கள், வீட்டில் பெரியவரை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கழிவறைக்கு அனுப்ப முடியாது. முதலில் அவருடையது. வெஸ்டர்ன் டைப் வைக்கும்போதே பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்று குறித்து, அந்த இடத்தில் சுவர் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் மாமியாருக்கு நாங்கள் பிறகு கம்பி போடப் போனோம், துளை போடும்போது டைல்ஸ் விரிந்துவிட்டது, அந்தக் கலர் கடையில் கிடைக்கவே இல்லை. கம்பி எங்கே வேண்டும் என்று உயரத்தை டேப்பில் பார்க்காதீர்கள். அப்பாவையே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். வாசலில் படி வேண்டாம், கதவு இரண்டரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும், சொரசொரப்பான டைல்ஸ்.

சமையலறைக்கு மாடுலர் என்று போய்விட்டால் உங்கள் தொகையில் பாதி அங்கேயே நின்றுவிடும். கிரானைட் மேடையும் கடப்பா கல் தட்டும் போட்டுக்கொண்டு, கதவை அடுத்த வருஷம் மாட்டலாம். ஆனால் கிரைண்டர், மிக்சி, ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிப்பான் எல்லாவற்றுக்கும் பிளக் இப்போதே வேண்டும். மேடை உயரத்தை உங்கள் மனைவியை நிற்கவைத்து முடிவு செய்யுங்கள், மேஸ்திரி வழக்கமாகப் போடுகிற உயரம் எல்லோருக்கும் சரிவராது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலையில் ஏணி வாங்கி வந்து நானும் அப்பாவும் சேர்ந்தே தட்டிப் பார்த்தோம். நான் மேலே, அவர் கீழே நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே "அங்கே இல்லை, இன்னும் இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படுக்கையறைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஹாலில் இரண்டு வட்டம், சமையலறையில் ஒழுகிய மூலையில் பெரிதாக ஒன்று. பாத்ரூம் சுவர் ஓதத்துக்குக் காரணமும் அப்பாவுக்கே தெரிந்திருந்தது, தண்ணீர் பைப் எந்த இடத்தில் வளைந்து போகிறது என்று சுவரில் கை வைத்துக் காட்டினார். பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்), அந்த வளைவில்தான் துருப்பிடித்திருக்க வேண்டும் என்கிறார்.

நேற்று ராத்திரி மறுபடி உட்கார்ந்து எழுதினோம். மாடி 1,60,000, சீலிங் ரிப்பேர் 80,000, இரண்டு பாத்ரூமும் பைப் லைனும் 2,00,000, ஒயரிங் 1,30,000, சமையலறை 1,20,000, பூச்சும் பெயிண்டும் 90,000. மொத்தம் 7,80,000. மீதி 1,20,000 தொடாமல் வங்கியில். ஃபால்ஸ் சீலிங் இல்லை. ஹால் டைல்ஸ் இப்போது இல்லை, மொசைக்கைப் பாலிஷ் போட்டால் போதும் என்று என் மனைவியே சொல்லிவிட்டாள். இரண்டு கேள்வி: 1,20,000 கையிருப்பு என்பது 15 சதவீதத்தைத் தொடுகிறதா? நகைக்கடனை எப்போது எடுப்பது?

சைட்_எஞ்சினியர்:

7,80,000க்கு 15 சதவீதம் 1,17,000, தொடுகிறது. ஆனால் அக்கா சொன்ன டீ, டிராக்டர், தகரச் செலவு உங்கள் கணக்கில் எங்கேயும் இல்லையே. அது கையிருப்பிலிருந்து போனால் சீலிங்கில் ஏதாவது வந்தால் சமாளிக்க முடியாது. பெயிண்டில் உள்ளறைகளை இப்போது முடித்துக்கொண்டு வெளிச்சுவரைத் தள்ளிவைத்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம். மொசைக் பாலிஷ் நல்ல முடிவு. பிறகு ஆசைப்பட்டால் பாலிஷைச் சொரசொரப்பாக்கி, டைல்ஸ் பசையால் மேலேயே ஒட்டலாம், உடைக்க வேண்டியதில்லை, தரை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரும், கதவுகளின் அடிப்பக்கத்தை இழைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பழையவீடு_தஞ்சை:

நகைக்கடனைக் கடைசியில் எடுங்கள். முதலில் உங்கள் ஐந்து, அப்புறம் தம்பி பணம். நகையை வைத்த நாளிலிருந்து வட்டி ஓடும், மாடி வேலை நடக்கும்போது அந்த இரண்டு லட்சம் சும்மா வங்கியில் கிடந்து வட்டி கட்டத் தேவையில்லை. சமையலறைக்கு வரும்போது எடுத்தால் போதும், ஒருவேளை முழுத்தொகையும் தேவைப்படாமலே போகலாம். இன்னொரு வழி, வங்கியில் வீடு பராமரிப்புக் கடன் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டு ரிப்பேர் கடனின் வட்டியில் வருஷத்துக்கு 30,000 வரை கழித்துக்கொள்ளலாம். புது முறையில் அது கிடையாது. வட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காவிரிக்கரை:

சரி, வெளிச்சுவர் பெயிண்டை எடுத்துவிட்டேன், அந்த 35,000 "டிராக்டர், டீ, தகரம்" என்ற தலைப்பில் போய்விட்டது. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்திலிருந்து வருகிறார், சாக்பீஸ் வட்டங்களை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். அக்கா, நாற்காலி போட்டு அப்பாவை உட்காரவைத்துப் பார்த்தேன், கை போன இடம் நான் நினைத்ததைவிட நாலு விரல் கீழே. பாத்ரூம் சுவரில் பென்சில் கோடு போட்டாயிற்று.